பதினாலு அடி

மைசூரில் மழையளவும் ஆற்றளவும் பதியும் ஓர் அலுவலகத்தில் மதலைமுத்து இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. நீச்சல் தெரியாது. காவேரியில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதும் இல்லை. ஆனாலும் அவள் எந்த நாளில் எத்தனை அடி ஓடினாள் என்று அவன் பேனாவைத்தான் கேட்க வேண்டும். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கீழே ஆற்றில் ஓர் அளவுக்கல் நட்டிருந்தது. அதற்கென்று அமர்த்தியிருந்த லிங்கப்பன் தினமும் காலையில் அதைப் பார்த்து எழுதி, மாதம் ஒரு தாள் அனுப்புவார். பதினாலு அடிக்கு மேல் போனால் கல்லே முழுகிவிடும். அந்த நாட்களின் கட்டங்கள் காலியாக வரும். காலிக் கட்டத்தைக் கண்டால் மேலதிகாரி நஞ்சுண்டசாமி குதிப்பார். அவர் குதிக்காதிருக்க மதலைமுத்து ஒரு வழி வைத்திருந்தான். முழுகுவதற்கு முதல் நாள் அளவையும் வடிந்த நாள் அளவையும் கூட்டிப் பாதியாக்கி, முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பிவிடுவான்.

1923-ல் தங்கை ஜெசிந்தாவின் புருஷன் பர்னபாஸ் ஆற்றோரம் வீடு கட்ட இடம் பார்த்தான்.

"தண்ணி அங்க ஏறுமா மச்சான்? ஆத்துக்கே ஜாதகம் எழுதுறவரு நீங்க."

"என் சர்வீஸ்ல பதினாலு அடி தாண்டல மாப்பிள்ளை. உன் இடம் பதினெட்டு அடி உயரத்துல இருக்கு. வரவரக் காவேரி சாதுவாயிட்டா. தைரியமா கட்டு."

"ஏறிச்சுன்னா குடும்பத்தோட உங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

"வரும்போது மீன் பிடிச்சிட்டு வா."

1924 ஆடியில் குடகுப் பக்கம் வானம் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் பர்னபாஸ் வீட்டுக் கூரைக்கு மேலே போயிற்று. ஜெசிந்தாவை மேட்டில் விட்டுவிட்டு மாட்டை அவிழ்க்கத் திரும்பியவன் வரவில்லை. மாடு வந்தது. நாலாம் நாள் அவனைப் புளியமரக் கிளையிலிருந்து இறக்கினார்கள்.

லிங்கப்பனின் தாள் வந்தபோது ஒன்பது கட்டம் காலி.

"என்னய்யா முழிக்கிற? வழக்கம்போல நிரப்பு" என்றார் நஞ்சுண்டசாமி.

முதல் நாள் பன்னிரண்டு. வடிந்த நாள் பதினாலு. பாதி, பதிமூன்று. அந்தக் கணக்குப்படி மாப்பிள்ளை வீட்டு வாசற்படிகூட நனையவில்லை.

மதலைமுத்து பழைய தாள்களை எடுத்துப் புரட்டினான். ஆடிக்கு ஆடி காலிக் கட்டங்கள்; எல்லாவற்றிலும் அவனுடைய முத்துக் கையெழுத்து. காவேரியைச் சாதுவாக்கியது மழையுமல்ல, மலையுமல்ல.

அன்று வீட்டில் ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடித்திருந்தால் தேவலை.

"அண்ணா, எங்க பக்கத்து இடத்துல கெம்பம்மா மறுபடி சுவரெழுப்புறா. ஒன் கணக்கு தப்பாதுன்னு இவர்தான் அவளுக்கும் சொல்லி வச்சிருந்தாரு. போய்ச் சொல்லு."

மறுநாள் அவன் ஆபீசுக்குப் போகாமல் ஆற்றோரம் போனான். கெம்பம்மா இடுப்பில் மண்கூடையும் முழங்கால் வரை சேறுமாக நின்றிருந்தாள்.

"அம்மா, பர்னபாஸ் சொன்ன கணக்கு என்னுது. அது பொய். இங்க கட்டாதீங்க."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆபீஸ் மச்சான் நீதானா? ஒன்ன நம்பித்தான் அவன் செத்தான்."

"ஆமாம்மா."

"சரி, எவ்வளவு மேல போயிக் கட்டட்டும்?"

"தெரியாதும்மா."

கெம்பம்மா மண்கூடையைக் கீழே போட்டாள்.