இருமலோடு தொடங்கும் பாட்டு

ஈரத்துணியால் தேய்த்ததும் இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வெள்ளைத்தாள் உரிந்து வந்தது. கூடவே அடியில் இருந்த லேபிளும் வந்துவிட்டது. பாடியவன் பெயர், பாட்டின் பெயர் எல்லாம் கூழாகி அவள் விரலில் ஒட்டிக்கொண்டன.

"நல்லா ஒட்டியிருக்கீங்கப்பா!" என்று பல்லைக் கடித்தாள்.

அப்பா முன்னறையில் பெட்டிக்குள் கிடந்தார். நான்கு மணிக்கு அவரை எடுத்துப்போக வண்டி வரும். இப்போதே மூன்றாகிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு நேரமெல்லாம் ஆரம்பகால ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுகளைத் தேடித் தேடி அலைந்தார். மெருகேற்றிய பதிவுகள் அவருக்கு ஆகாது. நாலு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, தொண்டை கிழிய ஒரே மூச்சில் அடித்துத் தள்ளியிருக்க வேண்டும். அப்படி முந்நூறு தட்டுகள். அத்தனை லேபிள்களின் மேலும் வெள்ளைத்தாள். அவர் 'பருந்து' என்று பெயர் வைத்திருந்த இன்னொரு சேகரிப்பாளர், லேபிளில் இருக்கும் பாட்டின் பெயரைப் படித்துவிட்டு, தானும் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடக் கூடாதாம். எது எந்தப் பாட்டு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றுதான். "என்னத் தூக்கறப்ப அந்த இருமல் பாட்டப் போடும்மா." பாடகன் இருமிவிட்டு ஆரம்பிக்கும் பாட்டு. எந்தத் தட்டு என்று அவள் கேட்பதற்குள் தூங்கிவிட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. செத்தவர் மேல் இவ்வளவு ஆத்திரம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"வந்தவங்க முகம் சுளிக்கறாங்க. இருந்தப்பதான் இந்தக் கத்தல், இப்பவுமா?"

"அவர் கேட்டாருண்ணா."

"நாம கேட்டதெல்லாம் அவர் செஞ்சாரா?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

சற்று நேரத்தில் கதவருகே வந்து நின்றவர் பருந்து. துக்கம் விசாரிக்க வந்தவரின் கண் தட்டுகள் மேல்தான் இருந்தது. அவளுக்கு வேறு வழியில்லை.

"அங்கிள், இருமல் பாட்டு தெரியுமா?"

"ஒரு தடவ கேட்டிருக்கேம்மா. ஜன்னலுக்கு வெளிய நின்னு. உங்கப்பன்தான் உள்ள விடமாட்டானே."

சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்து, அவற்றில் ஓடும் மெல்லிய பள்ள வரிகளைப் பார்த்தார். "இது மெதுவான பாட்டு, தள்ளு. இதோ, வரி எப்படி நெளியுது பாரு, இதப் போடு." போட்டாள். இருமல் இல்லை. அடுத்ததிலும் இல்லை.

அந்த ஊரில் எதுவும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. வண்டி மட்டும் நான்குக்கு வந்து நின்றது.

"அஞ்சு நிமிஷம்ணா."

"போதும். விடு." அண்ணனின் குரல் உடைந்திருந்தது. பெட்டியைத் தூக்கினார்கள். வாசல் வரை போய் அதைத் தொட்டுவிட்டு, அவள் உள்ளே ஓடி வந்தாள்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டபோது பருந்து ஊசியை வைத்தார். யாரோ ஒருவன் இருமினான்.

"ஸ்பீக்கரத் தூக்கு!" என்று கத்தினார். "வண்டி சிக்னல்ல நிக்கும்!"

இருவருமாக அதை ஜன்னலில் ஏற்றினார்கள். அவள் சத்தத்தை முழுக்கத் திருகினாள். டிரம் தெருவில் போய் இடித்தது. நாலு வீடு தள்ளி, சிவப்பு விளக்கில் வண்டி நின்றிருந்தது. பாடகன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. முன்னிருக்கை ஜன்னலிலிருந்து அண்ணனின் கை வெளியே நீண்டு, பொறுங்கள் என்று காட்டியது.