மெஹ்ரீனின் கடற்காகம் சாகாத கதை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. யாங்கோன் நகரத்துப் பபேடானில் இருக்கும் என் பெயிண்ட் கடைக்குப் போன சனிக்கிழமை என் லாத்தா ஹமீதுன்னிசா வந்தார். (லாத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா.) எமல்ஷன் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்து, தாம் செய்துவிட்ட ஒரு காரியத்தைச் சொன்னார். சொல்லி முடித்ததும், தம் மகள் மெஹ்ரீனிடம் நான் வாய் திறக்கக் கூடாது என்று அல்லாஹ் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

என் மருமகள் மெஹ்ரீன் கடற்பறவை ஆராய்ச்சி செய்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவள் ஓர் அறிக்கை அனுப்பப் போகிறாள். ஆராய்ந்த பறவையை நானே கொன்றுவிட்டேன், இனி இந்த வேலையைத் தொடமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறாள். அவள் கொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், லாத்தாவுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். தெரிய வேண்டியவளுக்கு மட்டும் தெரியாது. நான் எழுதாமல் வேறு என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள்.

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன், என் அவதி உங்களுக்கும் தெரியட்டும்.

'சைபீரியக் குளிரைக் கடந்து வந்த வெண்சிறகுகள் யாங்கோன் ஆற்றின் மேல்...'

வேண்டாம். இவை சைபீரியாவிலிருந்து வருவதே இல்லை என்று மெஹ்ரீன் எத்தனை தடவை கத்தியிருக்கிறாள். திபெத்துப் பக்கம் மலைமேல் இருக்கும் ஏரிகளில் முட்டையிட்டு, குளிருக்குப் பயந்து நம் பக்கம் இறங்கி வருகிற சாதி.

'ஆராய்ச்சியாளர் மெஹ்ரீன் தொலைநோக்கியைத் தாழ்த்தினாள். அவள் கண்களில்'

கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது. கண்ணில் ஒன்றும் இருக்க வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

[ஓரக்குறிப்பு: தமிழ்நாட்டில் இந்தப் பறவைக்குக் கடற்காகம் என்று பெயராம். இங்கே நாங்கள் எல்லோரும் பர்மியப் பேரில் ஸின்யோ என்றுதான் சொல்வோம். இரண்டையும் கலந்துதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.]

குளிர்காலத்தில் அக்கரை டலாவுக்குப் போகிற படகில் ஏறியவர்களுக்குத் தெரியும். படகு நகர்ந்ததும் ஸின்யோக் கூட்டம் கூடவே வரும். படகில் உள்ளவர்கள் பொரித்த தீனிப் பொட்டலத்தைப் பிரித்து எறிவார்கள். பர்மாக்காரர்கள் குத்தோ என்பார்கள், புண்ணியம். நாங்கள் ஸதகா என்று சொல்லிக்கொண்டு எறிவோம். பறவைக்கு இரண்டும் ஒன்றுதான். மெஹ்ரீனுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. நம்முடைய புண்ணியம் பறவையை என்ன செய்கிறது?

மலை தாண்டுகிற பறவை கிளம்பும் முன்னால் உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். நம் தீனியில் எடை ஏறுகிறது, பலம் ஏறுகிறதா? படகுத் தீனிக்குப் பழகினது தாமதமாகக் கிளம்பினால், அங்கே கூடு கட்ட நல்ல இடம் மிச்சம் இருக்குமா? இன்னொன்றும் கேட்டாள். கையிலிருந்து பிடுங்கித் தின்கிற துணிச்சல்காரப் பறவைகளுக்கே வயிறு நிறைகிறது, கூச்சப்படுபவை முகத்துவாரச் சேற்றில் நண்டு தேடுகின்றன. இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போனால் அந்த இனத்தின் சுபாவமே மாறிவிடாதா என்று. இதற்கு ஆராய்ச்சி எதற்கு, கல்யாணப் பந்தியைப் பார்த்தால் போதும், முண்டியடிப்பவனுக்குத்தான் சோறு என்றேன். அதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

3

இங்கேதான் எனக்குப் பெரிய தலைவலி. மெஹ்ரீன் என்கிற பாத்திரத்தை எப்படி எழுதினாலும் ஒட்டவில்லை.

படகுத்துறையில் கேள்வி கேட்கிற அதிகாரிகளிடம் வாதாடி அனுமதி வாங்குகிறவள். சேற்றில் முழங்கால்வரை இறங்கி வலை கட்டுகிறவள். அவளுக்கு உலகத்தில் ஒரே பயம், அவளுடைய உம்மா. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் தெருவில் ஆட்டைக் கட்டிவைத்திருந்தால், கயிறு இறுக்குகிறதென்று சொல்லி முடிச்சைத் தளர்த்திவிட்டு வருகிற ஆள் எங்கள் லாத்தா. அந்த ஆடு தெருவெல்லாம் ஓடி, அதைப் பிடிக்க நாங்கள் ஓடின கதை வேறு.

எந்தப் பறவை எங்கே போகிறது என்று பார்க்க, பறவையின் முதுகில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டுகிறார்கள். பள்ளிக்கூடப் பை மாதிரி, நெஞ்சில் குறுக்கே வார் போட்டு. கனம் ஒரு பெரிய ஸ்பூன் சர்க்கரை இருக்கும். பெட்டி தான் இருக்கும் இடத்தை மெஹ்ரீனின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்த பெட்டிகளில் மற்றதெல்லாம் பழுதாகிவிட்டது. ஒரே ஒரு பறவைதான் மிச்சம். அவளுடைய மூன்று வருஷத்து உழைப்பும் அதன் முதுகில் இருந்தது.

இதை அவள் என்னிடம் சொன்னாள். உம்மாவிடம் சொல்லவில்லை. காலில் வளையம் மாட்டுகிறேன், அவ்வளவுதான் என்று சொல்லிவைத்தாள். உயிருள்ளதைக் கட்டிப்போடுவதா ஆராய்ச்சி என்று வீடு இரண்டாகும் என்ற பயம். இவ்வளவு படித்தவள் இப்படியா என்று என்னைக் கேட்காதீர்கள். பாத்திரம் என் சொல்பேச்சு கேட்கவில்லை.

4

இனி நடந்தது. நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு மோசமாகச் செய்திருக்கமாட்டேன்.

மகளுடைய ஆராய்ச்சி நல்லபடியாக முடிய வேண்டுமென்று லாத்தா ஒரு நேர்ச்சை வைத்தார். கூண்டில் அடைபட்ட பறவை ஒன்றை வாங்கி விடுதலை செய்வது. யாங்கோனில் இதற்கென்றே விற்கிறார்கள், பிறந்தநாள் என்றாலும் பரீட்சை என்றாலும் ஜனங்கள் குருவி வாங்கிப் பறக்கவிடுவார்கள். லாத்தா போன அன்றைக்குப் படகுத்துறைப் பக்கம் ஒரு பெண்ணின் கூடையில் குருவிகளோடு ஸின்யோ ஒன்றும் கிடந்தது. மீன் வலையில் சிக்கினதாம். நெஞ்சில் வார், முதுகில் பெட்டி. இந்தக் கூடைக்காரப் பாவிதான் இப்படிக் கட்டிவைத்திருக்கிறாள் என்று லாத்தா நினைத்தார். வாங்கினார்.

கரையில் விட்டால் அதே பெண் சாயங்காலத்துக்குள் திரும்பப் பிடித்து இன்னொருவருக்கு விற்றுவிடுவாள், இது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் லாத்தா கூடையோடு டலா படகில் ஏறினார். ஆற்று நடுவில் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, கொத்து வாங்கிக்கொண்டே வார்களை நறுக்கினார். பறவை போயே போய்விட்டது. கையில் பெட்டி மட்டும், ஏரியல் மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டு. தெருவுக்குத் தெரு பட்டாளம் சோதனை போடுகிற இந்தக் காலத்தில் இந்த ஊரில் அப்படி ஒரு சாமானை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? ஆற்றில் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு, மகளுக்காக துஆ கேட்டுவிட்டு வந்தார்.

மெஹ்ரீனின் கம்ப்யூட்டரில் கடைசிப் புள்ளி ஆற்று நடுவில் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வார் நழுவி, சிறகில் மாட்டி, பறவை மூழ்கிவிட்டது என்று முடிவு கட்டினாள். வேறு என்ன நினைப்பாள்?

5

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, என்ன விஷயம் என்று கேட்கத்தான் லாத்தா கடைக்கு வந்தார். இனியும் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நான் வார், பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"பொட்டி முதுகுலயா இருந்துச்சு?"

"ஆமா லாத்தா."

"வாரு நெஞ்சுக்குக் குறுக்காலயா?"

அந்த நேரம் பார்த்து த்வாண்டே ஊர் வாடிக்கையாளர் கோ ஸோ வந்து பெயிண்ட் கரைக்கிற தின்னர் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் லாத்தாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அத நாந்தான் வெட்டி உட்டேன், ரவூப்பு. அவளுக்காகத்தான் உட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, தப்புத்தான். அப்படியென்றால் பறவை உயிரோடு இருக்கிறதே, ஓடிப்போய்ச் சொல்லுங்கள் என்றேன். மாட்டவே மாட்டேன் என்றார். பறவை செத்தது என்றால் நாலு நாள் அழுவாளாம், மறந்துவிடுவாளாம். பெற்றவளே படிப்பைக் கெடுத்தாள் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் மனதில் கிடக்குமாம். அதற்குப் பிறகுதான் சத்தியம்.

6

முடிவுகள்.

முடிவு ஒன்று: நவம்பரில் அந்த ஸின்யோ திரும்பி வருகிறது. முதுகில் பெட்டி இல்லை, காலில் வளையம் இருக்கிறது. (கொத்து வாங்கின அவசரத்தில் லாத்தா காலைக் கவனிக்கவே இல்லை.) மெஹ்ரீன் பார்க்கிறாள், கண்ணீர், சுபம். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நவம்பரில் அவள் படகுத்துறையில் இருந்தால்தானே பார்ப்பாள்? வெள்ளிக்கிழமையோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏதாவது ஆபீசில் போய் உட்காரப் போகிறாள்.

முடிவு இரண்டு: கூடைக்காரப் பெண் வந்து உண்மையைச் சொல்கிறாள். அவளுக்கு மெஹ்ரீன் யாரென்றே தெரியாது. அடுத்தது.

முடிவு மூன்று: நான் சத்தியத்தை மீறி

மறுமையில் பதில் சொல்லப்போவது நான், நீங்கள் இல்லை. உங்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள்.

சும்மாவும் இருக்க முடியவில்லை. அந்த அறிக்கையை மற்ற தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் படிப்பார்கள். இந்த மாதிரி வார் பறவையைக் கொல்லும் என்று எழுதிவைத்துக்கொள்வார்கள். நடக்காத ஒன்று நடந்ததாக ஆகிவிடும். அதையெல்லாம்கூட விடுங்கள். தாமுவேயில் லாத்தா வீட்டில் ஒரு பெண், தன் கையால் ஓர் உயிர் போய்விட்டது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

7

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்தப் பகுதி ஒருவருக்கு மட்டும்.

லாத்தா, நான் எழுதுறத எல்லாம் முதல்ல நீங்க தனியா வாசிச்சு, பிழை திருத்தி, அப்புறம் அந்தியில மஃரிபு தொழுதுட்டு மேசையில உக்காந்து எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுவீங்க. பர்மியப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைக்குத் தமிழ் காதாலதான் வரும், கண்ணால வராது. அதனால இந்தத் தாள் அவ கண்ணுல பட்டாலும் ஒண்ணும் ஆகாது. உங்க வாயில வந்தாத்தான் அவளுக்கு இது கதை. நான் வாய் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். தொறக்கல.

அவ படிப்பக் கெடுத்துட்டேன்னு நீங்க பயப்படுறீங்க. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துதான் அவ வார் விஷயத்தையே மறைச்சா. உங்க ரெண்டு பேரு பயத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நான் படுற பாடு போதும். பெட்டிய இன்னொண்ணு வாங்கிக்கலாம். கொன்னுட்டோம்கிற நெனப்ப அவ எங்கிட்டுப் போயி இறக்கி வைப்பா?

வாசிக்க மனசு வரலேன்னா மடிச்சு வச்சிடுங்க. ஏன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை அவ அந்த அறிக்கைய அனுப்புறப்போ, அவ பக்கத்துல நீங்க நிக்கணும். அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும். அதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.