போஸ்டர் எழுத வந்த ஆள்

1

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நமசிவாயம், கந்தோரில் எழுத்து வேலை செய்யும் லிகிதர். அவர் மனைவி பாலேஸ்வரி. மகள் கௌரி, எட்டாம் வகுப்பு. முன்னறையில் வாடகைக்கு இருந்த வேலுசாமி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து புடவைக்கடையில் வேலைக்கு நின்றவன். பிறகு வந்த இரண்டு சிப்பாய்கள்.

நான் இருக்கவில்லை. கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இரவு வேலைக்குப் போகிறவன் நான். இப்போது அதே இடத்தில் வேலை செய்யும் கௌரி, ஷிஃப்ட் முடிந்து தேநீர் குடிக்கும்போது இதைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எழுதுறதெண்டால் எழுதுங்கோ. அப்பாவைக் கேவலமா எழுதாதீங்கோ" என்றாள்.

"ஓம்" என்றேன்.

2

முதல் தொடக்கம்: தொண்ணூற்றாறாம் ஆண்டு, வெள்ளவத்தையில் கடல் இரைந்துகொண்டிருந்த ஒரு

வேண்டாம். கடலுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: நமசிவாயம் நல்ல மனிதர். (கௌரிக்காக எழுதிய வசனம். வெட்டவில்லை. நிற்கட்டும்.)

பள்ளிக்கூடத்தில் நம்பகத்தன்மை பற்றிப் போஸ்டர் கேட்டிருந்தார்கள். கௌரியின் எழுத்து கோணல். கடையில் விலை அட்டை எழுதும் வேலுசாமிக்கு நல்ல எழுத்து. கூடத்தில் பிரிஸ்டல் போர்டை விரித்து, முழங்காலில் இருந்து, 'சொன்ன சொல்லைக் காப்போம்' என்று சிவப்புப் பெயின்ற்றில் எழுதிக்கொண்டிருந்தான்.

"வேலு அண்ணை, 'காப்போம்' பெரிசா வேணும்."

"பெருசாப் போட்டா அட்டை பத்தாதே பாப்பா. கொஞ்சமாக் காப்போம்னு எழுதிரவா?"

சமைத்துக்கொண்டிருந்த பாலேஸ்வரி குசினிக்குள் சிரித்தார். வேலுசாமி தலையை நிமிர்த்தாமல், "ஐயா, நம்ம பொலிஸ் பதிவு?" என்றான்.

"திங்கட்கிழமை கட்டாயம் போவம், தம்பி."

"போன திங்கக்கிழமைக்கும் இதேதானுங்களே சொன்னீங்க?"

"இது வேற திங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள்.

(தெரியாதவர்களுக்கு: கொழும்பில் அந்நாட்களில் தமிழர் வீட்டில் தங்குபவரை வீட்டுக்காரர் பொலிஸில் பதிய வேண்டும். பதியாமல் அகப்பட்டால் இருவரையும் கொண்டுபோவார்கள். நமசிவாயத்துக்குப் பொலிஸ் வாசலை மிதிக்கப் பயம். பயம் குற்றமா என்று இந்த இடத்தில் ஒரு கட்டுரை தொடங்கினேன். அது அவருக்கு வக்காலத்தாகப் போனது. கிழித்துவிட்டேன்.)

3

கதவு தட்டப்பட்டது. ஒழுங்கை முழுவதும் இராணுவச் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை.

"மெயா கவுத?" இவன் யார் என்று ஒரு சிப்பாய் கேட்டான்.

நமசிவாயத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பதில்: 'எங்கட வீட்டில இருக்கிற பொடியன். பதியாதது என்ர பிழை.' கௌரி சந்தோஷப்படுவாள். ஆனால் இந்த நமசிவாயத்தை நான் நம்பவில்லை. அவர் வாயில் அது ஒட்டவில்லை.

அவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னது: "பிள்ளையின்ர போஸ்டர் எழுத வந்த ஆள், மஹத்தயா. இங்க இருக்கிறவர் இல்லை."

நிலத்தில் கிடந்த போஸ்டரில் பெயின்ற் இன்னும் காயவில்லை. அந்தப் பொய்க்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சிப்பாய் குனிந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். நமசிவாயத்தின் சிங்களம் அவ்வளவு தூரம் போகாது. வேலுசாமிதான் எழுந்து நின்று, நல்ல சிங்களத்தில் மொழிபெயர்த்தான்.

"ஹொந்தாய்," நல்லது என்றான் சிப்பாய். "உன்ர வீடு எங்க?"

வேலுசாமி நமசிவாயத்தைப் பார்த்தான். அவர் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மட்டக்குளி."

"எந்தத் தெரு?"

வேலுசாமி தூரிகையைப் பெயின்ற் டப்பாவுக்குள் வைத்தான்.

கௌரி வாயைத் திறக்கப் போனாள். பாலேஸ்வரி அவள் கையை இறுக்கிப் பிடித்தார். (இதைச் சொன்னபோது கௌரி சொன்னது: "அம்மா பிடிச்சது கையைத்தானே. வாய் என்ரதுதானே.")

"வா" என்றான் சிப்பாய்.

4

அவன் திரும்பி வந்தானா என்று கேட்பீர்கள். கௌரி எனக்குச் சொன்னாள். உங்களுக்குச் சொல்லமாட்டேன். வந்தான் என்றால் நமசிவாயத்தை மன்னித்துவிடுவீர்கள். வரவில்லை என்றால் அவரைக் காறித் துப்பிவிட்டு எழும்பிப் போவீர்கள். இரண்டும் வசதி. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் 'ஓம்' என்று சொன்னதைக் காப்பாற்ற, இதற்குப் பிறகு நமசிவாயம் அழுதார் என்று ஒரு வசனம் எழுதினேன். அழுதாரா என்று கௌரியிடம் கேட்கவில்லை. வெட்டிவிட்டேன்.

எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். வேலுசாமி செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். வாசல் கதவின் மற்றச் சாவி அவன் காற்சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் யார் பொய் சொன்னது என்று தெரிந்திருக்கும். அவன் காட்டவில்லை. நமசிவாயம் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.