சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"ஓட மாட்டான்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா—"

"ஓடாமத்தான் நவம்பர் முடியறதுக்குள்ள பதினாலு கோல் போட்டானா? பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம்—"

"நவம்பர்ல என் லாரி கூடத்தான் ஸ்டார்ட் ஆச்சு, ஹெர்தா. டிசம்பர்ல ரெண்டும் சேர்ந்து படுத்துருச்சு. பக் மூலைக்குப் போனா போதும், ஐயா நின்னு வேடிக்கை பார்க்க ஆரம்பிச்சுடுவாரு."

"மூலையில ஆறடி நாலு அங்குலத்துல ஒருத்தன் நிக்கிறான். அவன் முழங்கால்ல போய் முட்டச் சொல்றியா?"

"பொடியனா இருந்தா ரெண்டு மடங்கு ஓடணும். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க."

"உன் உயரத்தை வெச்சுக்கிட்டு நீ பேசற பேச்சா இது?"

"நான் என்ன பெரிய லீக் டிராஃப்டுக்கா நிக்கிறேன்?"

இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் போர்வை, காலடியில் காப்பி பிளாஸ்க். கார்வின் ஊர் ஐஸ் ஹாக்கி ரிங்கில் ஆறாவது வரிசையில் இருபத்திரண்டு வருஷமாக எங்களுக்கு இதே மூன்று இடங்கள்தான். வலது பக்கம் ஓரெஸ்ட். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே பேசுவான். இடது பக்கம் ஹெர்தா. நான் நடுவில் இல்லாவிட்டால் இரண்டு பேரும் எப்போதோ அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

"நெட்டி, நீ சொல்லு," என்றான் ஓரெஸ்ட். "உன் வீட்டுலதானே இருந்தான். சோம்பேறியா இல்லையா?"

"காப்பி ஊத்தட்டுமா?" என்றேன்.

"பார்த்தியா, அவளே பதில் சொல்ல மாட்டேங்கிறா."

அவர்கள் சண்டை போட்டது ரெமியைப் பற்றி. ரெமி ஃபோன்டேன், பதினேழு வயது, மானிடோபாவில் பிரெஞ்சு பேசும் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவன். ஜூனியர் அணியில் ஆடும் பையன்கள் வெளியூரிலிருந்து வந்து உள்ளூர்க்காரர்கள் வீட்டில்தான் தங்குவார்கள். என் கணவர் வால்டர் போனதற்குப் பிறகு என் வீட்டில் பதின்மூன்று பையன்கள் தங்கியிருக்கிறார்கள். ரெமி பதினான்காவது. எல்லோரிலும் குள்ளம். ஜனவரியில் அவனை டெல்மேர் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து ஆறடி நாலு அங்குலப் பையன் ஒருவனை வாங்கிக்கொண்டார்கள். இன்று, பிப்ரவரி கடைசி ஞாயிறு, பகல் ஆட்டம். டெல்மேரின் பச்சைச் சட்டையில் ரெமி எங்கள் ஊருக்கு வந்திருந்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் பனியில் சுற்றி உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள். அப்போது நடுவில் இருக்கும் சிவப்புக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. எங்கள் இடம் சொந்த அணியின் பக்கம். ஜனவரி வரைக்கும் கடைசிச் சுற்றில் ரெமி எங்களுக்கு நேர் கீழே வந்து தடுப்புக் கண்ணாடியை மட்டையால் இரண்டு தட்டுத் தட்டுவான். 'மிஸ்ஸிஸ் கே, வந்துட்டீங்களா' என்று அதற்கு அர்த்தம். நான் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டுவேன்.

இன்று கோடு வரைக்கும் வந்தான். மட்டையின் நுனி கோட்டைத் தொட்டது. தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டான். பிளாஸ்க்கைப் பாதி தூக்கியவள் கீழே வைத்தேன்.

"என்னடி இது, பின்னாடி இவ்வளவு கூட்டம்?" என்றாள் ஹெர்தா.

"மேல் வரிசை ஒழுகுது," என்றான் ஓரெஸ்ட். "கூரைப் பனி உருகிக் கொட்டுது. அங்க இருந்தவங்களையெல்லாம் கீழ இறக்கி விட்டுட்டாங்க."

திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் ரெமியின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் வலது காலை ஊன்றியே திரும்பினான்.

இன்னும் ஆறவில்லை.

டிசம்பர் இரண்டாவது வாரம் நடந்தது அது. எதிரணிக்காரன் அடித்த பக்கை, கல் மாதிரி இருக்கும் அந்த ரப்பர் வட்டை, தடுக்க அதன் முன்னால் விழுந்தான். பக் இடது காலில் பட்டது. எழுந்து ஆடி முடித்தான். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்ற முடியாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா. எக்ஸ்ரே எடுத்துடலாம்."

"வேண்டாம், மிஸ்ஸிஸ் கே. எடுத்தா அது கோச்சுக்குப் போகும். கோச்சுக்குப் போனா, பெரிய லீக்குக்கு ஆள் எடுக்க லிஸ்ட் போடறவங்களுக்குப் போகும். குள்ளமா இருந்தா ஒரு தடவையாவது பார்ப்பாங்க. குள்ளமாவும் இருந்து, காலும் உடைஞ்சிருந்தா, பேரை அடிச்சுட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுவாங்க."

"உடைஞ்சிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் எக்ஸ்ரே வேண்டாங்கறேன்."

"ரெமி..."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. ஓரெஸ்ட்கிட்ட கூட. முக்கியமா ஓரெஸ்ட்கிட்ட."

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என் வயசுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது? தினமும் சாயங்காலம் கொல்லைப்புறத்துப் பனியை வாளியில் அள்ளி வந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். காலை அதில் வைத்துக்கொண்டு ஸ்கார்ஃபைக் கடித்தபடி பள்ளிக்கூடப் பாடம் படிப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மளிகை அறைக் கதவு நிலையில் நின்று உயரம் பார்க்கச் சொல்வான்.

"காலையிலதான் பார்க்கணும். ராத்திரி படுத்துத் தூங்கினதுல முதுகு நீளமா இருக்கும்."

"அதுக்காகத் தரையில படுக்கணுமா?"

"கட்டில்ல படுத்தா முதுகு வளையுது, மிஸ்ஸிஸ் கே. பென்சிலைச் சாய்க்காதீங்க. நேரா வெச்சுப் போடுங்க. நீங்க சாய்ச்சா அது பொய்."

ஐந்தடி ஏழு. எத்தனை ஞாயிறு தரையில் படுத்தாலும் ஐந்தடி ஏழு.

அந்த மாதம் முழுக்க ஆட்டத்துக்கு ஆட்டம் நான் இங்கே, இவர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டேன். "சோம்பேறி." "மனசே இல்லாம ஆடறான்." "பெரிய லீக்குல இவனை யாரு எடுப்பா." ஓரெஸ்டின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். நான் காப்பி ஊற்றினேன்.

ஜனவரி பத்தாம் தேதி மத்தியானம் போன் வந்தது. அடுப்பில் பீட்ரூட் சூப் இருந்தது. ஒரு மணி நேரத்தில் கிளம்பச் சொன்னார்கள். சட்டைகளை மடிக்கக்கூட நேரமில்லை. நான் அள்ளி அள்ளிப் போட்டேன். சூப்பைக் குடிக்காமலே போனான். மாலையில் ரேடியோவில் மேனேஜர் பேசினார்: உழைப்பு குறைந்துவிட்டது, அதனால் மாற்றினோம் என்று. அந்த ஆறடி நாலுக்காரனை என் வீட்டில் தங்க வைத்துக்கொள்கிறாயா என்று என்னைத்தான் முதலில் கேட்டார்கள்.

"கட்டில் சின்னது," என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் டிராஃப்ட் லிஸ்ட் வந்தது. ரெமியின் பெயர் இருந்தது. கடைசியிலிருந்து எண்ணினால் நான்காவது. இருந்தது, அவ்வளவுதான்.

"அதோ! அதோ பாரு!" ஓரெஸ்ட் எழுந்து நின்றான்.

இரண்டாவது பகுதி ஆட்டம். பக் இடது மூலைக்கு உருண்டது. ரெமி அதன் பின்னால் போனான். இடது காலை ஊன்றித் திரும்பினால் எடுத்திருக்கலாம். ஊன்றவில்லை. சுற்றி வளைத்துப் போவதற்குள் எங்கள் ஆள் எடுத்துக்கொண்டான்.

"சட்டை மாறினா புத்தி மாறுமா? அங்கயும் அதே கதைதான்! டேய், உனக்கெல்லாம் ஸ்கேட் எதுக்குடா! சோம்பேறி! போய் வீட்டுல படுத்துத் தூங்கு!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"உட்காரு, ஓரெஸ்ட்," என்றாள் ஹெர்தா.

"ஏன் உட்காரணும்? இவனை வித்தது தப்புன்னு நீதானே ஒண்ணரை மாசமா—"

"அவன் சோம்பேறி இல்லை!"

அது என் குரல். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ரிங்கில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

"இடது கால்ல அடிபட்டிருக்கு. டிசம்பர்லேர்ந்து. அனேகமா உடைஞ்சே இருக்கும். என் சமையல்கட்டுல பனி வாளியில காலை வெச்சுக்கிட்டு, சத்தம் வரக் கூடாதுன்னு ஸ்கார்ஃபைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் காலோட உனக்காக ஓடினான், ஓரெஸ்ட். நீ இங்க உட்கார்ந்து விதையைத் துப்பிக்கிட்டு இருந்தே!"

ஓரெஸ்ட் உட்கார்ந்தான். கையில் இருந்த விதையை வாயில் போடவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான் மெதுவாக.

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. 'டிக்' என்று, சின்னச் சத்தம்.

"மன்னிக்கணும், அம்மா," என்றது ஒரு மரியாதையான குரல். "இடது காலா?"

திரும்பினேன். சாம்பல் கோட்டு போட்ட மனிதர். மடியில் குறிப்பேடு, அதன் மேல் இரண்டு அணி வீரர்களின் பெயர்த்தாள். பெரிய லீக்குக்காக ஆள் பார்க்க வருகிறவர்களை எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும். யார் கோல் போட்டாலும் கை தட்டாதவர்கள். எப்போதும் மேல் வரிசை மூலையில்தான் உட்காருவார்கள். மேல் வரிசை ஒழுகுகிறது.

போர்வையை மடியில் இழுத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பினேன்.

"நன்றி," என்றார், நான் பதில் சொன்னதைப் போல. எழுதினார். ஒரு வரிதான்.

"நீ ஒண்ணும் சொல்லலை, நெட்டி," ஹெர்தா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "கேட்டியா? நீ ஒண்ணுமே சொல்லலை."

எனக்குப் பனியைத் தவிர வேறெங்கும் பார்க்கத் தைரியமில்லை. அதனால்தான் பார்த்தேன். எங்கள் அணியின் கோல் முன்னால் நாலைந்து பேர் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கைகளுக்கும் மட்டைகளுக்கும் கீழே, ஒரு சந்துக்குள் நுழைவதைப் போல ரெமி நுழைந்தான். உயரமானவன் ஒருவனால் அந்த இடத்தில் நுழையவே முடியாது. பக் வலைக்குள் இருந்தது. யாருக்கும் எப்படி என்று தெரியவில்லை. ஆறடி நாலுக்காரன் இன்னும் பின்னால் தேடிக்கொண்டிருந்தான்.

ரிங்க் முழுக்கத் திட்டியது. ரெமி அவன் ஆட்களிடம் போகவில்லை. எங்களுக்கு நேர் கீழே வந்தான். கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினான்.

அந்தச் சத்தத்துக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தேன். இப்போது பிளாஸ்க் என் காலடியில்தான் இருந்தது. கை வரவில்லை.

"தூக்கிக் காட்டு, நெட்டி," என்றான் ஓரெஸ்ட். பிறகு அவனே குனிந்து பிளாஸ்க்கை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சாம்பல் கோட்டுக்காரரின் இடம் காலியாக இருந்தது.

"எப்ப போனார்?"

"கோலுக்கு முன்னாடியே எழுந்துட்டார்," என்றாள் ஹெர்தா.

ஆட்டம் முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் வரும் பின்கதவுக்குப் போனேன். கையில் டப்பா நிறைய பெரோகி, எங்கள் ஊர்க் கொழுக்கட்டை. காலையில் பிடித்தது, உருளைக்கிழங்கும் சீஸும் வைத்தது, அவனுக்கு வெங்காயம் கருக வதக்கியிருக்க வேண்டும். வெயில் சாய்ந்து பனி மேல் ஆரஞ்சாக விழுந்திருந்தது. பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. பையன்கள் சூட்டும் டையுமாக ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் ரெமி. தலை ஈரம், தொப்பி இல்லை.

"மிஸ்ஸிஸ் கே! பார்த்தீங்களா?"

"தொப்பியைப் போடு முதல்ல. பார்த்தேன்."

"தட்டினதை?"

"அதையும்தான்."

"ஓரெஸ்ட் பிளாஸ்க்கைத் தூக்கினாரே! அவருக்கு என்ன ஆச்சு, காய்ச்சலா?" சிரித்தான். டப்பாவை அங்கேயே திறந்து ஒன்றை வாயில் போட்டான். "அங்க பெரோகி கடையில வாங்கறாங்க. நல்லவங்கதான், ஆனா கடையில வாங்கறாங்க. கதவுல என் கோடு இருக்கா? பெயின்ட் அடிச்சிடலையே?"

"இருக்கு."

"அரை அங்குலம் ஏறியிருக்கேன்னு நினைக்கிறேன். அந்த வீட்டுல கதவெல்லாம் புதுசு, கிறுக்க விட மாட்டாங்க. சீசன் முடிஞ்சதும் வர்றேன், நீங்களே பாருங்க. பென்சிலைச் சாய்க்காம."

"வா. கட்டில் அப்படியே கிடக்கு."

"தரை இருந்தாப் போதும்." பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். கண் மின்னியது. "இன்னைக்கு ஒருத்தர் வந்திருந்தாராம், என்னைப் பார்க்கறதுக்குன்னே. கோச் சொன்னாரு. ரெண்டாவது பகுதியிலயே கிளம்பிட்டாராம். அது நல்லதுன்னு பசங்க சொல்றாங்க. பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சுன்னா அப்புறம் இருக்க மாட்டாங்களாம்."

டிரைவர் ஹாரன் அடித்தான். ரெமி ஒரு கையில் டப்பாவோடு இன்னொரு கையால் கம்பியைப் பிடித்தான். வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து ஏறினான். இரண்டாவது படியில் நின்று திரும்பினான். அந்தப் படியில் நின்றபோது என்னைவிட உயரமாக இருந்தான்.

"நம்ம விஷயம்... நீங்க யார்கிட்டயும் சொல்லலையே, மிஸ்ஸிஸ் கே?"