ஐம்பத்தைந்து முடியட்டும்

ஏஜென்ட் போன் செய்தபோது, ஒருவருடைய பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றிதழையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். வங்கியில் என் வேலை அதுதான். தாள்களில் ஒன்றோடொன்று ஒட்டாததைக் கண்டுபிடிப்பது.

"சார், மேடத்தோட அம்மாவுக்கு நாலு மாசம் முன்னாடி அம்பத்தஞ்சு வயசு முடிஞ்சுது. உடனே போட்டேன், விசா வந்திருச்சு. மேடம் அப்பவே எல்லாத்துலயும் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாங்களே! மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

அவர் மேடம் என்று சொன்ன என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது.

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், ஐம்பத்தைந்து முடிந்தவர்களுக்குத்தான் ஓய்வுக்கால விசா. அதற்குக் கீழே என்றால் முப்பது நாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். என் மாமியார் அப்படி ஒருமுறை வந்தார். திரும்பிப் போன அன்று, விமான நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் என் மனைவி ஒரு விசா ஏஜென்டைப் பிடித்துவிட்டாள். ஊரில் அத்தை தனியாக இருந்தார்.

உண்மையில் அத்தைக்கு அப்போதே ஐம்பத்தைந்து. சிறுவயதில், தங்கைக்கு வழித்துணையாக இருக்கட்டும் என்று அவருடைய அப்பா இருவரையும் ஒரே வகுப்பில் சேர்த்தாராம். பெரியவளுக்கு இரண்டு வயதைக் குறைத்துச் சொல்ல, வாத்தியார் அப்படியே எழுதிக்கொண்டார். அந்தத் தேதிதான் பாஸ்போர்ட் வரைக்கும் வந்தது.

"எங்கப்பா என்னை ரெண்டு வருஷம் இளசாக்கிட்டாரு மாப்பிள்ளை. முழங்காலுக்குத்தான் தகவல் சொல்ல மறந்துட்டாரு" என்பார் அத்தை.

என் மனைவி எப்படியோ அலைந்து, பிறந்த மருத்துவமனையின் பழைய பதிவேட்டு நகலை வாங்கிவிட்டாள்.

"இத வெச்சுத் தேதிய மாத்திடலாம். ஆறு மாசம் ஆகுமாம். சொந்தக்காரங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும். போடுங்க ஆபீசர்."

"மாத்தினா பள்ளிக்கூடச் சான்றிதழோட இடிக்கும். நூறு கேள்வி கேப்பாங்க. ரெண்டு வருஷந்தானே? தானா அம்பத்தஞ்சு ஆயிடும்."

"தானா ஆகுமா? எங்கம்மா என்ன மாங்காயா, பழுக்கற வரைக்கும் வைக்கோல்ல போட்டு வெக்க?"

சிரித்தேன். கையெழுத்து போடவில்லை.

அவள் பின்னறையை ஒழித்துத் தாழ்வான கட்டில் ஒன்று வாங்கிப் போட்டாள். குளியலறைச் சுவருக்குக் கைப்பிடிக் கம்பியும் வாங்கினாள். மாட்டித் தரச் சொன்னாள். அதற்கென்ன அவசரம் என்றேன்.

ஒரு மதியம் அவள் அலுவலகப் படியில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்தோரு வயது. இறுதிச் சடங்குக்கு வர அத்தைக்கு ஏழு நாள் விசாவை அரை நாளில் கொடுத்தார்கள். வயதை யாரும் கேட்கவில்லை.

ஏஜென்ட் பேசிய அன்று மாலை அத்தையை அழைத்தேன்.

"அத்தை, விசா வந்திருக்கு."

"எந்த விசா?"

"அவ போட்டது."

அந்தப் பக்கம் டிவியை அணைப்பது கேட்டது.

"வேணாம்னா எழுதிக் குடுத்துடறேன் அத்தை."

"எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டே இருப்பா. அதுல கொஞ்ச நாள் இருந்துட்டு வந்துடறேனே. உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா."

அந்தக் கட்டிலின் மேல் இப்போது அவளுடைய துணிப்பெட்டிகள் இருந்தன. நான்தான் தூக்கிப் போட்டிருந்தேன்.

"அத்தை, அன்னிக்கு நான் கையெழுத்து போட்டிருந்தா..."

"தெரியும் மாப்பிள்ளை. அவ சொன்னா."

வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அங்க இப்போ குளிரா? ஸ்வெட்டர் எடுத்துக்கவா?" என்று கேட்டார்.

"எடுத்துக்கோங்க" என்றேன்.

ஏஜென்ட் அனுப்பிய விசா நகலைத் திறந்தேன். 'உடன் வசிக்கும் உறவினர்' என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. எதிரே, மகள். அவள் இறந்ததை நான் தெரிவித்தால் இதை ரத்து செய்வார்கள். புதிதாக விண்ணப்பித்தால் இன்னும் நான்கு மாதம். அலுவலகத்தில் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். மூடி வைத்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். பெட்டிகளை அலமாரிக்கு மாற்றினேன். கைப்பிடிக் கம்பி அட்டைப்பெட்டியோடு அப்படியே இருந்தது. எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று யோசித்தபடி குளியலறைக்குள் போனேன்.

சுவர் டைலில் பென்சிலால் இரண்டு புள்ளிகள் இருந்தன. பக்கத்தில் பொடி எழுத்தில், 'அம்மா கை.'

தினமும் அங்கேதான் குளிக்கிறேன். பார்த்ததில்லை.

துளையிடும் இயந்திரத்தை முதல் புள்ளியின் மேல் வைத்தேன். பிறகு இரண்டாவது. வெள்ளைத் தூள் கொட்டியது. கம்பியின் தட்டை வைத்துத் திருகியபோது அந்த எழுத்தும் அதன் அடியில் போய்விட்டது.