மூன்றடி என்று எழுதிய படி

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எட்டுப் பேர் வேண்டும். தண்ணீரைக் கண்டால் பயப்படும் பெரியவர்கள் எட்டுப் பேர். கிடைக்காவிட்டால் காலை ஆறு மணி வகுப்பு நேரத்தை நீச்சல் குளத்தின் மேலாளர் பந்தய அணிக்குக் கொடுத்துவிடுவார். கழுத்தில் விசில் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை; எங்கள் வீட்டில் அவர் பெயரே விசில்தான்.

அக்கா நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். நான் விளம்பர மெயில்களுக்கு டெம்ப்ளேட் செய்பவன். ஒரு நீளத் தாளைக் குறுக்கே பல பட்டைகளாகப் பிரித்துக்கொள்வதுதான் வேலை. மேல் பட்டையில் பெயர், அடுத்ததில் படம், அப்புறம் செய்தி, அடியில் பொத்தான். ஒவ்வொரு பட்டையும் ஒரு பகுதி. ஒரு பகுதியை இரண்டாகப் பிளந்து இந்தப் பக்கம் படமும் அந்தப் பக்கம் எழுத்தும் வைக்கலாம். ஒரு பகுதி இடம் மாறினால் படிப்பவர் மனமும் மாறும். பத்து வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அக்காவின் வகுப்புகளுக்காக நான் செய்த மெயில் திங்கட்கிழமை நானூறு பேருக்குப் போனது. முதலில் குழந்தைகள் வகுப்பு: இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து. அடுத்தது பெரியவர்கள் வகுப்பு: அதில் எழுத்து இடம், படம் வலம். இப்படி மாற்றி மாற்றி வைத்தால் கண் வளைந்து வளைந்து இறங்கும். பார்க்க அழகு.

புதன்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அதுவரை சேர்ந்தவர்கள் இரண்டே பேர்.

"மூணு அம்மாமார் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து நிக்கிறாங்க. பயம் போக்குற வகுப்பு இதுதானேன்னு கேக்கறாங்க. என்னடா எழுதி வச்ச?"

"நீ சொன்னதத்தான். பெரியவங்களுக்குன்னு போட்டிருக்கேனே."

"எங்க?"

"படத்து மேல."

"படம் எங்க?" அவள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

போன் திரை குறுகல். இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடமில்லை. அதனால் இடப்பக்கம் இருப்பது மேலே ஏறும், வலப்பக்கம் இருப்பது அதன் கீழே உட்காரும். குழந்தைகள் படம், குழந்தைகள் எழுத்து, அதை ஒட்டியே 'தண்ணீரைக் கண்டால் பயமா?' என்ற கேள்வி. பெரியவர்கள் படம் அதற்கும் கீழே. மூன்று அம்மாக்களும் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி நீ போன்ல பாக்கலயா?"

"கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

"பத்து வருஷ அனுபவம்," என்றாள் அக்கா சுவரைப் பார்த்து.

போனில் மட்டும் ஒரு பகுதியின் வரிசையைத் திருப்பிப்போட ஒரு வசதி உண்டு. அதைப் போட்டேன். 'பெரியவர்களுக்கு' என்பதைப் படத்திலிருந்து எடுத்து எழுத்தாகவே வைத்தேன். ஆனால் இதனால் மட்டும் இன்னும் ஆறு பேர் வருவார்களா? இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நீச்சல்காரியைக் கல்யாணம் செய்து பன்னிரண்டு வருடம் ஆகியும் முழங்கால் நனைக்காதவர். கேட்டால் குளோரின் ஒத்துக்காது என்பார்.

"அத்தான், இத ஒரு தடவ பாருங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

இந்தச் சோதனையில் ஒரே ஒரு விதி: கட்டைவிரலைப் பார்க்க வேண்டும். வாய் மரியாதைக்கு எதையாவது சொல்லும். விரலுக்கு மரியாதை தெரியாது.

விரல் குழந்தைகளைத் தாண்டியது. அடுத்து, நடுக்குளத்தில் சிரித்துக்கொண்டே நீந்தும் பெண்ணின் படம். அங்கே விரல் வேகமெடுத்தது. நின்றது அடியில், முகவரிக்குப் பக்கத்தில். அங்கே வெற்றிடத்தை நிரப்ப நான் ஒரு சின்னப் படம் செருகியிருந்தேன்: குளத்தில் இறங்கும் படிகள், கைப்பிடிக் கம்பி, சுவரில் நீல எழுத்தில் '3 அடி'. அத்தான் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினார்.

"மச்சான், இந்த மூணடி எந்த எடத்துல? முதல் படியிலயா, கடைசிப் படியிலயா?"

"கடைசியில," என்றாள் அக்கா. "இடுப்பு வரைக்கும்தான் தண்ணி."

"கம்பிய விடாமலே நிக்கலாமா?"

"நிக்கலாம். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்." அவர் இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பயப்படுகிறவரிடம், அவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதையே பெரிய படமாகக் காட்டியிருக்கிறேன். அவருக்குத் தெரிய வேண்டியது கால் எங்கே தரையைத் தொடும் என்பதுதான். அதை அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

"அக்கா, முதல் வாரம் என்ன சொல்லிக் கொடுப்ப?"

"ஒண்ணுமில்ல. அந்தப் படியில நிப்போம். பேசுவோம்."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

படிகளின் படத்தை உச்சிக்கு இழுத்தேன். கீழே மூன்று வரி: முதல் வாரம் முழுக்க இந்தக் கடைசிப் படியில்தான் நிற்போம். தண்ணீர் இடுப்பு வரை. கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். அதன் கீழ் பொத்தான். குழந்தைகள் வகுப்பு அதற்கும் கீழே போனது. நீந்தும் பெண்ணை எடுத்தே விட்டேன்.

"ஒருத்தர்கூட நீந்தலயேடா. நீச்சல் வகுப்புன்னு யாரு நம்புவா?"

"நீந்தறதப் பத்தி அவங்க இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கல."

பொத்தானைத் தொட்டால் திறக்கும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்தேன்: இப்போது எதுவரை இறங்குவீர்கள்? பதில் எப்படி வரும் என்று பார்க்கும் ஆசைதான். மூன்று போன்களில் சரிபார்த்துவிட்டு மதியமே அனுப்பினேன்.

வியாழக்கிழமை நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் 'கணுக்கால்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'டிக்கெட் கவுண்டர் வரை'. வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர். ஆக ஏழு. அன்று மாலை நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன்; பக்கத்து அறையில் அத்தான் வழக்கம்போல இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

நாலே முக்காலுக்கு விசில் போன் செய்தார். "ஏழுதானா? அணிக்காரங்க இங்கயே உக்காந்திருக்காங்க."

"இன்னும் கால் மணி நேரம் இருக்கு சார்," என்று சொன்ன அக்கா, போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விண்ணப்பங்கள் வந்து சேரும் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது எட்டாவது விண்ணப்பம் வந்தது. எதுவரை இறங்குவீர்கள் என்பதற்குப் பதில்: கம்பி இருக்கும் வரை. அதிலிருந்த பெயரை அக்கா படித்தாள். போன் நம்பரையும் படித்தாள். பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றிருந்தது.

அவள் முதலில் விசிலைக் கூப்பிட்டாள். "எட்டு, சார்." பிறகுதான் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, குளோரின் ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே?"

உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

"மெயில்ல அதப் பத்தி ஒண்ணும் போடலயே. மச்சான் அதுக்கொரு பகுதி வச்சிருந்தா யோசிச்சிருப்பேன்."