நியோஹுரு வீட்டு விருந்து

1

இதை நான் கட்டுரையாகத்தான் தொடங்கினேன். நியோஹுரு, ஒருகாலம் சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தின் ஒரு பிரபுக் குலம். அதில் பிறந்த பேரரசிகள். மலைபோலச் சொத்துச் சேர்த்து, கடைசியில் பேரரசர் அனுப்பிய பட்டுத்துணியில் தூக்கிட்டுக்கொண்ட ஹெஷன் என்ற மந்திரி. இரண்டு பக்கம் ஓடியது. பிறகு, எங்கள் ஊர்க்காரியான யோகராணி அன்ரியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"அந்தக் குலத்து வீட்டிலை நான் சாப்பிட்டிருக்கிறன்" என்றார்.

கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று.

2

மெல்பேர்ன், 1976. யோகராணி தாதி. அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன் பீட்டர் லாங். [முதலில் 'அழகன்' என்று எழுதினேன். "சும்மா இருங்கோ, காது ரெண்டும் பெரிசு" என்றார் அன்ரி. வெட்டிவிட்டேன்.] இருவரும் கல்யாணம் செய்ய விரும்பினார்கள். அவளை ஊரிலிருந்து இங்கே கூப்பிட்டெடுத்த அண்ணன் விக்னராஜா, குலம் கோத்திரம் தெரியாத சீனனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். கெஞ்சிக் கூத்தாடி, நோபல் பார்க்கில் பீட்டரின் தகப்பன் வீட்டு விருந்துக்கு அவரை அழைத்துப்போனாள்.

அன்று மழை பெய்து— வேண்டாம். மழை பெய்யவில்லை.

3

கதிரையில் உட்கார்ந்ததுமே அண்ணன், நீங்கள் எந்தக் குடும்பம் என்று கேட்டார். கிழவர் லாங் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: தாங்கள் சீனர் இல்லை, மஞ்சு, நியோஹுரு குலம். சீனாவில் மஞ்சு அரசு கவிழ்ந்தபோது மஞ்சுக்காரரை வெட்டினார்கள். உயிருக்குப் பயந்து லாங் என்று பெயர் மாற்றினார்கள்.

பீட்டர் திரும்பித் தகப்பனைப் பார்த்தான். அவனும் அன்றுதான் கேட்கிறான்.

அண்ணனின் முகம் மலர்ந்தது. "நல்ல குடிதான். எனக்கு ஓம்" என்றார் தமிழில். யோகராணிக்குக் கண் கலங்கியது.*

* இங்கே முடித்திருந்தால் நல்ல கதை.

4

முழுக்கச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, கிழவர் நிறுத்தவில்லை. குலத்தின் மூதாதை எய்டு, முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பெரும் தளபதி. அவருடைய மகன் டாக்கி அரச குமாரர்களை மதிக்காமல் நடந்தான். தகப்பன் பிள்ளைகள் எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். குடித்துக்கொண்டிருக்கும்போதே டாக்கியைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், போர்வையால் அமுக்கிக் கொன்றார்.

தாங்கள் அந்த எய்டுவின் வழியா என்று பீட்டர் கேட்டான்.

"பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவனுடைய வழி" என்றார் கிழவர். "அதனால்தான் உனக்குச் சொல்லவில்லை."

அண்ணன் மீனை எடுத்துத் தன் தட்டில் வைத்தார். பிறகு யோகராணியைப் பார்த்து, மெதுவாக, தமிழில் சொன்னார்:

"அடங்காத பிள்ளையைக் கொன்றானே, உவன்தான் தகப்பன்."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை; முகத்தில் சிரிப்பே இல்லை. சின்ன வயதில் அவளைத் தூக்கித் திரிந்தவர், சற்று முன் கல்யாணத்துக்குச் சம்மதித்தவர், அதே வாய்.

"அண்ணா என்ன சொல்கிறார்?" என்று பீட்டர் கேட்டான்.

5

முடிவு ஒன்று: 'சம்மதமாம்' என்கிறாள். அதுவும் உண்மைதான்.

முடிவு இரண்டு: உள்ளதை அப்படியே மொழிபெயர்த்து, அண்ணனை அந்த மேசையிலேயே இழந்து—

எது நடந்தது என்று அன்ரியிடம் கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். "எழுதுற நீர் சொல்லும், என்ன சொல்லியிருக்கலாம்?"

நான் மறுபடி அந்த மேசைக்குப் போனேன். பீட்டர் அவள் முகத்தையே பார்க்கிறான். தமிழ் தெரிந்தவர் நீங்கள், சொல்லுங்கள்.